அரியர் மாணவருக்கா, பாடத்திட்டத்துக்கா? தொழில்நுட்பம் காட்டும் ஓட்டைகள்

செமஸ்டர் ரிசல்ட் வரும் நாளில் பொறியியல் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் கேள்வி ஒன்றுதான்: “மச்சி, எத்தனை கப்?” அரியருக்கு மாணவர்கள் வைத்திருக்கும் செல்லப் பெயர் அது.

வீட்டில் விசாரணை வேறு மாதிரி நடக்கும். “எப்பப் பார்த்தாலும் போனை நோண்டிக்கிட்டே இருந்தா எப்படிப் பாஸ் ஆகும்?” என்பார் அப்பா. “சார் நடத்துறது ஒண்ணுமே புரியலப்பா” என்பார் மகன். ஆக, கூண்டில் நிற்பது எப்போதும் இரண்டு பேர்தான். ஒழுங்காகப் படிக்காத மாணவர், ஒழுங்காக நடத்தாத ஆசிரியர். மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். அவரை யாரும் கூப்பிட்டு விசாரிப்பதில்லை. அவர் பெயர் சிலபஸ்.

ஒரு கட்டடத்தின் படிக்கட்டில், வருடா வருடம், அதே மூன்றாவது படியில் பாதிப் பேர் இடறி விழுந்தால் என்ன செய்வோம்? “பார்த்து நடக்கத் தெரியாதா?” என்று முதலில் திட்டுவோம். பிறகாவது அந்தப் படியின் உயரத்தை யாராவது அளந்து பார்ப்பார்கள். கல்லூரிப் பாடத்தில் அப்படி அளந்து பார்க்கச் சரியான கருவி நீண்ட காலம் இல்லை. கடந்த 20 ஆண்டுகளில்தான் அது வந்திருக்கிறது.

தொழில்நுட்பம் என்றவுடன் ஸ்மார்ட் போர்டு, ஆன்லைன் கிளாஸ், ரெக்கார்டட் வீடியோ எல்லாம் நினைவுக்கு வரலாம். அவையெல்லாம் பாடத்தை மாணவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வண்டிகள். இங்கே பேசப்போவது வண்டியைப் பற்றி அல்ல, சரக்கைப் பற்றி. பாடத்தில் எந்த இடம் உடைந்திருக்கிறது, எந்தப் பாடம் தப்பான செமஸ்டரில் உட்கார்ந்திருக்கிறது என்பதைக் கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது, கண்டுபிடித்த பிறகு மனிதர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் விஷயம்.

வீடியோ போட்டால் போதுமா?

2012ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்ஐடி, மின்சுற்றுகளும் மின்னணுவியலும் பற்றிய தன் பாடத்தை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டது. அதை முன்னின்று நடத்தியவர்களில் முக்கியமானவர் அனந்த் அகர்வால். சென்னை ஐஐடியில் பி.டெக். படித்தவர். பதிவு செய்தவர்கள் 1,54,763 பேர். கடைசிவரை படித்துத் தேறியவர்கள் 7,157 பேர். அதாவது 100க்கு 5 பேர்கூட இல்லை. “இதுக்குத்தானா இவ்வளவு விளம்பரம்?” என்று அப்போது கிண்டல் செய்தவர்கள் உண்டு.

கிண்டல் நியாயம்தான். ஆனால், அந்தப் பாடமும் அதற்குப் பின் வந்தவையும் வேறொன்றை விட்டுச் சென்றன. ஒவ்வொரு மாணவரும் எந்த வீடியோவை எந்த நிமிடத்தில் நிறுத்தினார், எதைத் திரும்ப ஓட்டிப் பார்த்தார், எந்தக் கேள்வியில் மூன்று முறை தவறினார் என்ற பதிவு அது. சாதாரண வகுப்பறையில் பின்பெஞ்ச் மாணவர் எந்த நிமிடத்தில் தூங்கினார் என்று எந்தப் பேராசிரியரும் குறித்துவைத்ததில்லை. இங்கே அது தானாகவே பதிவாகிறது.

அந்தப் பதிவுகளை ஃபிலிப் குவோ என்ற ஆய்வாளரும் சகாக்களும் அலசினார்கள். எட்எக்ஸ் தளத்தின் 4 பாடங்கள், சுமார் 69 லட்சம் வீடியோ பார்வைகள். 2014இல் வெளியான முடிவு பேராசிரியர்களுக்குக் கொஞ்சம் கசப்பானது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், மாணவர்கள் உட்கார்ந்து பார்க்கும் நேரம் பொதுவாக 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. வகுப்பறை உரையை ஒரு மணி நேரம் படம்பிடித்து அப்படியே துண்டு போட்டு ஏற்றியவை, ஆரம்பத்திலேயே துண்டு துண்டாகத் திட்டமிட்டு எடுத்தவற்றைவிட எடுபடவில்லை. பளபளப்பான ஸ்லைடைவிட, கையால் எழுதிக்கொண்டே விளக்கும் வீடியோவை அதிக நேரம் பார்த்தார்கள். கரும்பலகையில் எழுதிக்கொண்டே நடத்திய பழைய கணக்கு வாத்தியார்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

இதையெல்லாம் கணக்கில் எடுக்காமல் வண்டியை மட்டும் ஓட்டினால் என்ன ஆகும் என்பதற்கு சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தின் அனுபவம் உதாரணம். 2013 தொடக்கத்தில் உடாசிட்டி நிறுவனத்துடன் சேர்ந்து அடிப்படைக் கணிதம், இயற்கணிதம், புள்ளியியல் ஆகிய 3 பாடங்களை ஆன்லைனில் தொடங்கினார்கள். ஏற்கெனவே கணிதத்தில் ஒருமுறை தோற்றவர்களும் அதில் சேர்க்கப்பட்டார்கள். இரண்டு கணிதப் பாடங்களிலும் பெரும்பாலானோர் தேறவில்லை. அதே ஆண்டு ஜூலையில் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. கோடைகாலச் சுற்றில் தேர்ச்சி விகிதம் நன்றாகவே உயர்ந்தது. ஆனால், அதில் சேர்ந்தவர்களில் பெரும்பகுதியினர் ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்கள்! பாடம் மேம்பட்டதா, ஆள் மாறியதா என்று பிரித்துப் பார்க்காமல் கைதட்ட முடியாது.

வாத்தியாருக்குத் தெரியாத இடம்

ஒரு சின்னச் சோதனை. முதல் கேள்வி: “ஒருவர் ஓட்டலில் 6 மணி நேரம் வேலை செய்தார். டிப்ஸ் 60 ரூபாய். மொத்தம் 540 ரூபாய் கிடைத்தது. ஒரு மணி நேரச் சம்பளம் எவ்வளவு?” இரண்டாவது: “6எக்ஸ் + 60 = 540. எக்ஸ் எவ்வளவு?” இரண்டில் மாணவர்களுக்கு எது கஷ்டம்?

கணக்கு ஆசிரியர்களில் பெரும்பாலானோர் முதல் கேள்வியைத்தான் சொல்வார்கள். வாக்கியத்தைப் படித்து, சமன்பாடாக மாற்றி, பிறகு தீர்க்க வேண்டுமே! கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கென் கோடிங்கரும் அவருடைய சக ஆய்வாளர் மிட்செல் நேதனும் இதே மாதிரியான கேள்விகளைப் பள்ளி மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தபோது நடந்தது நேர்மாறு. கதைக் கணக்கை மாணவர்கள் நன்றாகவே போட்டார்கள். 540இல் 60ஐக் கழி, 6ஆல் வகு என்று மனக்கணக்காகப் போய்விட்டார்கள். சமன்பாட்டில்தான் மாட்டிக்கொண்டார்கள்.

பாடப்புத்தகங்களோ பெரும்பாலும் ஆசிரியர்களின் நம்பிக்கைப்படியே வரிசைப்படுத்தப்பட்டவை. முதலில் சமன்பாடு, கடைசியில் “சொற்கணக்குகள்”. இதற்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் ‘வல்லுநரின் குருட்டுப் புள்ளி’ எனலாம். ஒரு விஷயத்தில் நன்றாகத் தேறியவருக்கு, அது தெரியாமல் இருந்தபோது எப்படி இருந்தது என்பது மறந்துபோகிறது. பாடத்திட்டக் குழுவில் உட்கார்வது வல்லுநர்கள்தான். அங்கேதான் சிக்கல்.

பல்கலைக்கழக அளவில் இந்தக் குருட்டுப் புள்ளியைத் தேடிப் பிடிக்கும் வேலையைக் கார்னகி மெலன் 2002இல் தொடங்கிய ‘ஓப்பன் லேர்னிங் இனிஷியேட்டிவ்’ செய்கிறது. முறை எளிமையானது, உழைப்புதான் அதிகம். ஒரு பாடத்தை முதலில் சின்னச் சின்னத் திறன்களாகப் பிரிக்கிறார்கள். புள்ளியியலை எடுத்துக்கொண்டால், சராசரியைக் கணக்கிடுவது ஒரு திறன். இந்தத் தரவுக்குச் சராசரி பொருந்துமா, இடைநிலை அளவு பொருந்துமா என்று தேர்ந்தெடுப்பது வேறு திறன். வரைபடத்தைப் பார்த்து ஒரு வாக்கியத்தில் சொல்வது இன்னொன்று. பாடத்தில் வரும் ஒவ்வொரு பயிற்சிக் கேள்விக்கும் ‘இது எந்தத் திறனைச் சோதிக்கிறது’ என்று ஒரு சீட்டு ஒட்டிவிடுகிறார்கள்.

பிறகு மாணவர்கள் பயிற்சி செய்யச் செய்ய, ஒவ்வொரு திறனுக்கும் ஒரு வளைகோடு கிடைக்கிறது. முதல் முயற்சியில் 100க்கு 60 பேர் தவறு, இரண்டாவதில் 40, மூன்றாவதில் 25 என்று இறங்கினால் பாடம் வேலை செய்கிறது. கோடு இறங்காமல் தரைக்கு இணையாகவே போனால்? மாணவர்கள் திரும்பத் திரும்பச் செய்தும் கற்றுக்கொள்ளவில்லை. விளக்கம் சரியில்லை, அல்லது ஒரே திறன் என்று நினைத்ததற்குள் இரண்டு திறன்கள் ஒளிந்திருக்கின்றன. முதல் முயற்சியிலேயே கோடு அடிமட்டத்தில் இருந்தால்? அந்தப் பகுதி எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும். அதற்கு ஒதுக்கிய வகுப்புகள் வீண். வெட்டிவிடலாம்.

‘இந்த பேட்ச் பரவாயில்ல, போன பேட்ச் மோசம்’ என்ற பேச்சிலிருந்து, ‘நான்காவது அத்தியாயத்தில் இரண்டாவது திறன் நகரவில்லை’ என்ற பேச்சுக்கு வந்துவிட முடிகிறது. பாடத்திட்ட வடிவமைப்பில் தொழில்நுட்பம் தந்திருக்கும் பெரிய மாற்றம் இதுதான்.

பலன் என்ன? கார்னகி மெலனில் இந்த முறையில் உருவான புள்ளியியல் பாடத்தை, வகுப்போடு இணைத்து ஒரு பிரிவுக்கு வேகமாக நடத்திப் பார்த்தார்கள். வழக்கமான 15 வாரப் பாடத்தை அவர்கள் சுமார் 8 வாரங்களில் முடித்தார்கள். தேர்வில் மற்றவர்களுக்கு இணையாகவோ, சற்று மேலாகவோ செய்தார்கள். 2008இல் வெளியான ஆய்வு இது. ‘அங்கே படிப்பவர்கள் எப்படியும் கெட்டிக்காரர்கள்’ என்று யாராவது சொல்லலாம். அதனால், 6 அரசுப் பல்கலைக்கழக வளாகங்களில் 605 மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு தரப்புக்கு இந்தப் பாடத்துடன் வாரம் ஒரு மணி நேர நேரடி வகுப்பு, இன்னொரு தரப்புக்கு வழக்கமான வகுப்பு என்று வைத்துப் பார்த்தார்கள். 2012இல் வந்த முடிவு: தேர்ச்சியிலும் மதிப்பெண்ணிலும் பெரிய வித்தியாசம் இல்லை, நேரம் மட்டும் சுமார் கால்பங்கு மிச்சம். மாயமந்திரம் எதுவும் நடக்கவில்லை. ஆனால், வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கும் மாணவருக்கு அந்தக் கால்பங்கு நேரம் சாதாரண விஷயமில்லை.

கோடிங்கர் குழு 2015இல் இன்னொன்றையும் சொன்னது. ஜார்ஜியா டெக் நடத்திய இணையவழி உளவியல் பாடத்தில், வீடியோ பார்ப்பது, படிப்பது, பயிற்சி செய்து பார்ப்பது மூன்றையும் ஒப்பிட்டார்கள். மற்ற இரண்டையும்விடப் பயிற்சியால் கிடைத்த பலன் ஏறக்குறைய 6 மடங்கு. பரீட்சைக்கு முந்தைய இரவில் 1.5 மடங்கு வேகத்தில் யூடியூப் ஓட்டுபவர்கள் கவனிக்க.

பாடங்களின் மெட்ரோ வரைபடம்

இதுவரை பார்த்தது ஒரு பாடத்துக்குள் இருக்கும் ஓட்டை. நான்கு வருடப் படிப்பின் அமைப்பிலேயே ஓட்டை இருந்தால்?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பல பாடங்களுக்கு ‘முன்பாடம்’ உண்டு. முதலாம் கால்குலஸ் பாஸ் ஆனால்தான் இரண்டாம் கால்குலஸ், அது முடிந்தால்தான் வகைக்கெழுச் சமன்பாடுகள், அதன் பிறகே மின்சுற்றுகள் என்று சங்கிலியாகப் போகும். நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் இருந்த கிரெக் ஹைல்மனும் சக ஆய்வாளர்களும், இந்தச் சங்கிலிகளை மெட்ரோ ரயில் வரைபடம் மாதிரி வரைந்து கணினியிடம் கொடுத்தார்கள். ஒவ்வொரு பாடமும் ஒரு நிலையம். ஒவ்வொரு முன்பாட விதியும் ஒரு தண்டவாளம்.

பிறகு இரண்டே எண்கள். ஒரு பாடத்தில் தோற்றால் அதன் பின்னால் எத்தனை பாடங்கள் அடைபடும்? இது தடுப்பு எண். அந்தப் பாடம் வழியாகப் போகும் மிக நீளமான சங்கிலியில் மொத்தம் எத்தனை பாடங்கள்? இது தாமத எண். மேலே சொன்ன நான்கு பாடச் சங்கிலியை மட்டும் எடுத்துக்கொண்டால், முதலாம் கால்குலஸின் தடுப்பு எண் 3, தாமத எண் 4. இரண்டையும் கூட்டினால் 7. கடைசிப் பாடமான மின்சுற்றுக்குத் தடுப்பு எண் 0, தாமத எண் 4. எல்லாப் பாடங்களின் எண்களையும் கூட்டினால் அந்தப் பட்டப்படிப்பின் ‘சிக்கல் அளவு’ வந்துவிடும். பிளஸ் டூ கணக்குதான்.

ஆனால், விளைவு பெரியது. முதல் செமஸ்டரில் ஒரே ஒரு கணிதத் தாளில் தவறும் மாணவருக்கும், ஏழாவது செமஸ்டரில் ஒரு விருப்பப் பாடத்தில் தவறும் மாணவருக்கும் மார்க்‌ஷீட்டில் ஒரே மாதிரி ஒரு வரிதான் இருக்கும். வரைபடத்தில் பார்த்தால் முதலாமவர் சென்ட்ரலில் மாட்டிக்கொண்டவர். இரண்டாமவர் கடைசி ஸ்டாப்பில் ஐந்து நிமிடம் தாமதமானவர்.

சிக்கலான அமைப்பு என்றால் தரமான படிப்பு என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஹைல்மன் குழு மின்பொறியியல் துறைகளை இந்த அளவுகோலில் ஒப்பிட்டபோது, தரவரிசையில் மேலே இருந்த துறைகளின் வரைபடம்தான் பொதுவாகச் சிக்கல் குறைவாக இருந்தது. கண்டிப்பு வேறு, முடிச்சு வேறு.

இந்த வரைபடம் வருவதற்கு முன்பே முடிச்சைக் கையால் தொட்டுக் கண்டுபிடித்த ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. ஒஹையோ மாநிலத்தில், ரைட் சகோதரர்களின் ஊரான டேட்டன் அருகே இருக்கும் ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகம். அங்கே பொறியியல் படிக்க ஆசைப்பட்டு வந்த மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கால்குலஸ் வரிசையைத் தாண்டவே இல்லை. அவர்கள் ஒரு பாலத்தையோ, ஒரு மோட்டாரையோ தொட்டுப் பார்க்கும் முன்பே வெளியேறிவிட்டார்கள்.

நேதன் கிளிங்பைல் என்ற பேராசிரியர் கேட்ட கேள்வி எளிமையானது: இரண்டாம் வருடப் பொறியியல் பாடங்களுக்கு உண்மையிலேயே எவ்வளவு கால்குலஸ் தேவை? பட்டியல் போட்டுப் பார்த்தால், முழு வரிசையில் ஒரு பகுதிதான். 2004இல் முதலாண்டுக்கென்று புதிதாக ஒரு பொறியியல் கணிதப் பாடம் உருவானது. நடத்தியவர்கள் கணிதத் துறையினர் அல்ல, பொறியியல் ஆசிரியர்கள். ஒவ்வொரு தலைப்பும் ஒரு பொறியியல் சிக்கலில் ஆரம்பிக்கும், ஆய்வகமும் உண்டு, கணினியில் மேட்லேபும் உண்டு. இதை முடித்தவர்கள் கால்குலஸுக்காகக் காத்திருக்காமல் பொறியியல் பாடங்களுக்குப் போகலாம். கால்குலஸ் ரத்தாகவில்லை, தள்ளிப்போனது, அவ்வளவே. பட்டம் பெறுவோர் விகிதம் கணிசமாகக் கூடியது. பள்ளியில் கணிதம் பலவீனமாக இருந்து வந்தவர்களுக்கு இது பெரிய கைதூக்கலாக அமைந்தது. பிற்பாடு ஹைல்மன் குழு தங்கள் எண்களால் இந்த மாற்றத்தை அளந்து காட்டியது. இப்போது ஒரு துறை இப்படி மாற்ற நினைத்தால், மாற்றும் முன்பே கணினியில் நகர்த்திப் பார்த்துக்கொள்ளலாம்.

ஏஐ சிலபஸ் எழுதாதா?

எழுதும். ‘மூன்றாவது செமஸ்டருக்கு டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் சிலபஸ் கொடு’ என்று கேட்டால் ஐந்து யூனிட், பாட நோக்கங்கள், மாதிரிக் கேள்விகள் எல்லாம் ஒரு நிமிடத்தில் வந்துவிடும். பார்க்கவும் நன்றாக இருக்கும். பிரச்சினை என்னவென்றால், அது உலகத்தில் ஏற்கெனவே இருக்கும் சிலபஸ்களின் சாயல். அந்த சிலபஸ்களில் உள்ள குருட்டுப் புள்ளிகளும் சேர்ந்தே வரும். தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்து வந்த மாணவர் பாயின்டரில் தடுமாறுகிறாரா, கேள்வியின் ஆங்கிலத்தில் தடுமாறுகிறாரா என்பது அதற்குத் தெரியாது. அந்த வகுப்பின் விடைகளைப் பார்த்தால்தான் தெரியும். விடைகளைத் திறன்வாரியாகப் பிரிப்பது, ஒரே கேள்வியைப் பத்து விதமாக மாற்றிக் கொடுப்பது போன்ற வேலைகளுக்கு ஏஐ நல்ல உதவியாளர். பாடத்திட்டக் குழுவின் தலைவர் நாற்காலி அதற்கு வேண்டாம்.

டேட்டாவுக்கு இன்னொரு முகமும் உண்டு. 2016இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகம் செய்திகளில் அடிபட்டது. முதலாண்டு மாணவர்களிடம் ஒரு சர்வே எடுத்து, தேறமாட்டார்கள் எனத் தோன்றுபவர்களைச் சேர்ந்த சில வாரங்களிலேயே கழற்றிவிடும் யோசனை வெளியே கசிந்தது. சீக்கிரமே போய்விட்டால், ‘பாதியில் நின்றவர்கள்’ கணக்கில் அவர்கள் வரமாட்டார்கள். சர்ச்சை பெரிதாகி, தலைவர் பதவி விலகினார். யார் விழுவார்கள் என்று கணிக்கும் அதே கருவி, படியைச் சரிசெய்யவும் உதவும், ஆளை வெளியே தள்ளவும் உதவும். நம்மூரில் ‘100 சதவீதத் தேர்ச்சி’ பேனருக்காகப் பலவீனமான மாணவர்களைப் பள்ளிகள் என்ன செய்யும் என்று தெரிந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

நம்ம ஊரில் என்ன நிலவரம்?

தமிழ்நாட்டில் இந்த வரைபடம் கண்ணுக்குத் தெரியாது. காரணம், இங்கே பெரும்பாலும் அரியரோடேயே அடுத்த செமஸ்டருக்குப் போய்விடலாம். கருணையான ஏற்பாடுதான். வருடம் வீணாகாது. ஆனால், சங்கிலி அறுந்துவிடுவதில்லை, ஒளிந்துகொள்கிறது. ‘சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ்’ புரியாதவர் ‘டிஜிட்டல் சிக்னல் பிராசஸிங்’ வகுப்பில் உட்காரலாம், உட்காரத்தான் முடியும். முன்பாடம் என்று விதியில் இல்லாததை, மூளை விதியாக வைத்திருக்கிறது.

இன்னொரு சிக்கல், இணைப்புக் கல்லூரி முறை. சிலபஸ் எழுதுவது ஒரு குழு. நடத்துவது நூற்றுக்கணக்கான கல்லூரிகளின் ஆசிரியர்கள். வினாத்தாள் எடுப்பது வேறொருவர். திருத்துவது இன்னொருவர். எங்கே மாணவர்கள் விழுகிறார்கள் என்பதை நேரில் பார்க்கும் ஆசிரியருக்கு சிலபஸில் ஒரு வரியை மாற்ற அதிகாரம் இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் ரெகுலேஷன்கள் 2008, 2013, 2017, 2021 என்று நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை மாறியிருக்கின்றன. அதற்குள் ஒரு பேட்ச் உள்ளே வந்து வெளியே போய்விடுகிறது.

டேட்டா இல்லை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. 2014இல் இந்தியா வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானதில் இருந்து, என்பிஏ அங்கீகாரத்துக்காக ஒவ்வொரு பொறியியல் ஆசிரியரும் ‘சிஓ – பிஓ மேப்பிங்’ செய்கிறார். இந்தப் பாடத்தின் நோக்கம், பட்டப்படிப்பின் நோக்கத்துக்கு எவ்வளவு உதவுகிறது என்று கட்டம் கட்டமாக 1, 2, 3 போடும் எக்செல் ஷீட் அது. யோசனை அருமையானது. நோக்கம் எட்டப்படவில்லை என்றால் பாடத்தை மாற்ற வேண்டும் என்பதுதான் அதன் உயிர். நடைமுறையில், “விசிட் வருது, ஃபைல் ரெடி பண்ணணும்” என்ற பதற்றத்தில் ஷீட் நிரம்புகிறது, பாடம் அப்படியே இருக்கிறது. மாணவர்களின் விடையிலிருந்து வர வேண்டிய எண், ஆசிரியரின் அனுமானத்திலிருந்து வந்தால் வளைகோடும் வராது, வெளிச்சமும் வராது.

வித்தியாசமாகச் செய்த ஓர் உதாரணம் சென்னையிலேயே இருக்கிறது. ஐஐடி மெட்ராஸ் 2020இல் அறிவித்த இணையவழி டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பு. இதில் சேர ஜேஇஇ கட்டாயமில்லை. முதலில் 4 வாரம் பாடம் நடத்தி, வாராவாரம் பயிற்சி கொடுத்து, பிறகு அதே பாடத்தில் தகுதித் தேர்வு வைக்கிறார்கள். அந்தத் தேர்வு நேரடி மையத்தில்தான். நடுவில் விட்டுப் போகிறவருக்கும் அடிப்படைச் சான்றிதழ், டிப்ளமோ என்று படிகள் உண்டு. வீடியோ இதில் சாதாரண விஷயம். வடிகட்டி விட்டுப் பாடம் நடத்துவதற்குப் பதில், பாடம் நடத்திவிட்டுப் பார்ப்பது என்று வரிசையை மாற்றியதுதான் வடிவமைப்பு.

எல்லாக் கல்லூரியும் ஐஐடி ஆக முடியாது. ஆனால், கையிலேயே இருக்கும் கருவியைப் பயன்படுத்தத் தடை இல்லை. பல கல்லூரிகளில் மூடுல் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மார்ட்டின் டூகியாமாஸ் உருவாக்கி, 2002இல் வெளிவந்தது. பெரும்பாலும் பிபிடி ஏற்றும் அலமாரியாகத்தான் அது இங்கே பயன்படுகிறது. அதன் வினாடிவினாப் பகுதியில் ‘ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ என்று ஓர் அறிக்கை உண்டு. ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை சதவீதம் பேர் சரியாக எழுதினார்கள் என்று காட்டும். அதைவிட முக்கியமாக, மொத்தத்தில் நன்றாகச் செய்தவர்கள் அந்தக் கேள்வியிலும் நன்றாகச் செய்தார்களா என்று ஒரு எண் கொடுக்கும். அந்த எண் பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால், கெட்டிக்காரர்கள் தவறாகவும் மற்றவர்கள் சரியாகவும் எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். அங்கே தப்பு மாணவரிடம் இல்லை. கேள்வியில் குழப்பம், அல்லது விடைக்குறிப்பே தவறு. இதைத் தெரிந்துகொள்ள மவுஸை நான்கு முறை அழுத்தினால் போதும்.

பல்கலைக்கழகத் தேர்விலோ, பெரிய புதையலே இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் பல தியரி தாள்களின் அமைப்பைப் பாருங்கள். 2 மதிப்பெண் கேள்வி 10, 13 மதிப்பெண் கேள்வி 5, 15 மதிப்பெண் கேள்வி 1. அந்த ஐந்து 13 மதிப்பெண் கேள்விகள் பொதுவாக ஐந்து யூனிட்டுகளுக்கு ஒவ்வொன்றாக வரும். அதாவது, 13ஆம் எண் கேள்வியில் மாநிலம் முழுக்க மதிப்பெண் சரிந்தால், மூன்றாவது யூனிட்டில் ஏதோ கோளாறு. இதற்குப் புதிய மென்பொருளோ, ஆய்வு நிதியோ வேண்டாம். விடைத்தாளின் முதல் பக்கத்தில் திருத்துபவர் கேள்வி வாரியாக மதிப்பெண் போடும் கட்டம் ஏற்கெனவே இருக்கிறது. மாணவருக்குத் தெரிவது கூட்டுத்தொகையும் கிரேடும்தான். கேள்விவாரி மதிப்பெண்கள் சிலபஸ் எழுதும் மேஜைக்கு வந்து சேர்ந்தால்தான் பயன்.

தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு இந்தச் சாக்கும் கிடையாது. சிலபஸ் அவர்களுடையது, வினாத்தாள் அவர்களுடையது, விடைத்தாளும் அவர்களிடமே இருக்கிறது. போர்டு ஆஃப் ஸ்டடீஸ் கூட்டத்துக்கு ஒரு பாடத்தின் கேள்விவாரி மதிப்பெண்களை அச்சடித்துக் கொண்டுபோனால், ‘மூன்றாவது யூனிட்டை இரண்டாகப் பிரிக்கலாமா?’ என்று அன்றைக்கே பேச ஆரம்பிக்கலாம். மாணவர் பெயரும் பதிவெண்ணும் அந்தத் தாளில் இருக்க வேண்டியதில்லை. கேள்வி எண் போதும்.

ஆனால், அந்த மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றப்போவது யார்? திருத்தும் மையத்தில் கட்டுக் கட்டாக விடைத்தாள் முடித்துவிட்டு, அடுத்த நாள் என்ஏஏசி ஃபைலுக்கும், அட்மிஷன் கேன்வாஸுக்கும் போக வேண்டிய அதே ஆசிரியரா? கார்னகி மெலனில் ஒரு பாடத்தை உருவாக்க, பாட ஆசிரியருடன் கற்றல் ஆய்வாளரும் மென்பொருள் வல்லுநரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். அந்த வேலைக்கென்று நேரமும் சம்பளமும் ஒதுக்கப்பட்டன. இங்கே பாடத்திட்ட மாற்றத்துக்கு ஒரு ஆசிரியரின் டைம்டேபிளில் எத்தனை பீரியட் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று எந்தக் கல்லூரி முதல்வரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம்.